டிராக்டர் உழவில் டீசல் மிச்சம்: கியர் தேர்வில் கவனம் தேவை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது முன்னோர் வாக்கு. செஞ்சி வட்டத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்துருமல்லேசுவரம் குகைக் கோயில் உள்ள தளவானூரிலும் அதையொட்டிய சிற்றூர்களிலும் மானாவாரி மணிலா பயிரிடும் விவசாயிக்கு இந்த வாக்கின் அருமை தெரியும். ஊர்ப்பேச்சில் மல்லாட்டை எனப்படும் இப்பயிருக்கு ஒரு நல்ல மழை பெய்ததும் செம்மண்ணில் ஈரம் நிற்பது சில நாட்களே. அதற்குள் உழுது, கட்டியுடைத்து, விதைத்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும். சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, வண்டி வரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.

வண்டி வந்ததும் அவர் பார்ப்பது கலப்பையையும் கடிகாரத்தையும்தான். ஓட்டுநர் எந்தக் கியரில் ஓட்டுகிறார், என்ஜினை எவ்வளவு முடுக்கி வைத்திருக்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை மணி நேர வாடகை என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கியர் நெம்புகோல்தான். டிராக்டர் வைத்திருப்பவருக்கு இது டீசல் செலவு. வாடகைக்கு எடுப்பவருக்கு இது மணிக்கணக்கு. இருவருமே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

கியர் என்ன செய்கிறது?

பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாட்டைக் கவனித்தால் கியரின் வேலை விளங்கும். சமதரையில் எட்டி நடை போடும் மாடு, மேடு வந்ததும் அடியைக் குறுக்கிக் காலை ஊன்றி இழுக்கிறது. வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது. டிராக்டரின் தாழ்ந்த கியர் குறுகிய அடி போன்றது. உயர்ந்த கியர் எட்டி வைக்கும் அடி போன்றது. என்ஜினின் திறன் ஒன்றேதான். அதை இழுவையாகச் செலவழிப்பதா, வேகமாகச் செலவழிப்பதா என்பதைக் கியர் பங்கிட்டுக் கொடுக்கிறது.

டிராக்டர்களில் பொதுவாக முன்னே செல்ல எட்டுக் கியர்கள் இருக்கும். நான்கு கியர்களை லோ, ஹை என்ற இரண்டாவது நெம்புகோல் இரட்டிப்பாக்கித் தருகிறது. உழவுக்கு உதவுபவை பெரும்பாலும் லோ வரிசையில் உள்ளவை. ஹை வரிசை சாலைக்கும் டிரெய்லருக்கும்.

தானாகக் கியர் மாற்றும் வண்டி எப்படி முடிவு செய்கிறது?

கியரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் கார்கள் இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடுகின்றன. ஓட்டுபவர் கிளட்ச் மிதிப்பதில்லை. இவ்வகைக் கியர்பெட்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. எண்ணெயின் சுழற்சியைக் கொண்டு திறனைக் கடத்தும் முறைக்கு ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ல் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிக் கியர்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிராக்டரில், ஓடும்போதே கியர் மாற்றும் பத்து வேகப் பெட்டியை ஃபோர்டு நிறுவனம் 1959-ல் வெளியிட்டது.

பழைய வகைத் தானியங்கிப் பெட்டி வேலை செய்யும் முறை எளியது. அதில் இரண்டு எண்ணெய் அழுத்தங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒன்று வண்டியின் வேகத்தால் வருவது. சுழலும் தண்டில் உள்ள சிறு எடைகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து, இந்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. மற்றொன்று என்ஜின் மீதுள்ள சுமையால் வருவது. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறாரோ அவ்வளவு இது உயரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. வேகத்தின் அழுத்தம் வென்றால் வால்வு ஒரு பக்கம் நகர்ந்து உயர்ந்த கியர் விழுகிறது. சுமையின் அழுத்தம் வென்றால் மறுபக்கம் நகர்ந்து தாழ்ந்த கியர் விழுகிறது. தராசின் இரண்டு தட்டுகள் போன்ற ஏற்பாடு இது. இன்றைய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்துக்குப் பதில் மின்னணுக் கருவிகள் அளந்து சொல்ல, ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்கிறது. ஆனால் அது கேட்கும் கேள்விகளும் இவை இரண்டுதான்: வேகம் எவ்வளவு? சுமை எவ்வளவு?

சுமை குறைவாக இருந்தால், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே அது உயர்ந்த கியருக்குப் போய்விடுகிறது. அதில்தான் எரிபொருள் மிச்சம். ஆனால் என்ஜின் நடுங்கித் திணறும் அளவுக்குச் சுற்று இறங்க அது விடுவதில்லை. ஓட்டுபவர் சட்டென்று அழுத்தி மிதித்தாலும் மேடு வந்தாலும் உடனே கியரை இறக்குகிறது. மேலும் ஒரு நுட்பம் உண்டு. கியர் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் கியரை ஏற்றினால், 22 கிலோமீட்டருக்கு இறங்கிய பிறகே மறுபடி இறக்கும் என்பது போல இடைவெளி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அந்த எல்லையில் ஓடும்போது கியர் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாது ஆடிக்கொண்டிருக்கும்.

நம் விவசாயிகளிடம் உள்ள டிராக்டர்களில் இந்தக் கருவி பொதுவாக இல்லை. ஆனால் அது செய்யும் வேலையை ஓட்டுபவரின் காதும் கண்ணும் கையும் செய்யலாம். உழும்போது டிராக்டரை நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டியிருப்பதால், நிலத்தில் இறங்குமுன் தீர்மானிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவே.

பாதித் தானியங்கி ஏற்கெனவே உண்டு

டிராக்டரின் கை ஆக்சிலரேட்டர், காரின் ஆக்சிலரேட்டர் போன்றது அன்று. கை நெம்புகோல் இத்தனை சுற்று வேண்டும் என்று மட்டும் குறித்துக் கொடுக்கிறது. கலப்பை ஆழமாக இறங்கிச் சுமை கூடினால், டீசல் பம்பில் உள்ள கவர்னர் தானாகவே கூடுதல் டீசலைக் கொடுத்து அந்தச் சுற்றைக் காக்கிறது. சுமை குறைந்தால் டீசலைக் குறைக்கிறது. கவர்னர் கொடுக்கக்கூடிய முழு அளவையும் கொடுத்த பிறகும் சுமை அதிகமாக இருந்தால்தான் என்ஜின் சுற்று கணிசமாக இறங்கும். ஆகவே, சுற்று தொடர்ந்து இறங்குவது கியரைக் குறைக்கச் சொல்லும் அறிகுறியாகும்.

கணக்குப் பார்ப்போம்

35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த முழுத்திறன் நிமிடத்துக்கு 2000 சுற்றில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்று குறைந்தால் திறனும் குறையும். ஆனால் சுழற்றும் விசை உடனே குறைவதில்லை. டிராக்டர் என்ஜின்களில் ஓரளவு சுற்று குறையும்போது அந்த விசை கூடவே செய்கிறது. 1300 சுற்று அளவில் அது 20 சதவீதம் கூடுவதாகக் கொண்டால், அந்தச் சுற்றிலும் சுமார் 27 குதிரைத்திறன் கிடைக்கும்.

இனி வேலையைப் பார்ப்போம். ஒன்பது கொத்துக் கலப்பையை ஈரமான செம்மண்ணில் இழுக்க 600 கிலோ இழுவை தேவை என்றும், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றும் கொண்டால், கலப்பைக்குப் போகும் திறன் சுமார் 9 குதிரைத்திறன். கியர், டயர், வழுக்கல் ஆகியவற்றில் வீணாவதையும் சேர்த்தால் என்ஜின் சுமார் 14 குதிரைத்திறன் கொடுத்தால் போதும். 35-ல் பாதிக்கும் குறைவு.

இந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். லோ இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து 2000 சுற்றில் ஓட்டினால் 4 கிலோமீட்டர் வேகம் வருகிறது என்போம். மூன்றாவது கியர் 2000 சுற்றில் 5.4 கிலோமீட்டர் தருவதானால், அதே கியரில் 1500 சுற்றில் ஓட்டினாலும் 4 கிலோமீட்டர் வேகம்தான் வரும். வேகம் ஒன்று, உழவு ஒன்று. ஆனால் இரண்டாவது முறையில் என்ஜின் நிமிடத்துக்கு 500 முறை குறைவாகச் சுற்றுகிறது. பிஸ்டனின் உராய்வு, காற்றை இழுத்துத் தள்ளும் வேலை, விசிறி, பம்புகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் டீசல் செலவாகிறது. சுற்று குறைந்தால் அந்த வீண் செலவு குறைகிறது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. பாதி இழுவையில் ஒருமுறை வழக்கமான கியரில் முழுச் சுற்றிலும், மறுமுறை உயர்ந்த கியரில் குறைந்த சுற்றிலும் ஓட்டி டீசலை அளப்பது அங்கு நடைபெறும் சோதனைகளில் ஒன்று. குறைந்த சுற்றில் டீசல் குறைவாகச் செலவாவதை அம்முடிவுகள் காட்டியுள்ளன. மிச்சம் டிராக்டருக்கு டிராக்டர், வேலைக்கு வேலை மாறும். மணிக்கு 4 லிட்டர் செலவாகும் இடத்தில் 15 சதவீதம் மிச்சமானால் மணிக்கு 600 மில்லி லிட்டர். ஆண்டில் 100 மணி நேரம் இப்படிப்பட்ட இலேசான வேலை செய்தால் 60 லிட்டர் டீசல்.

எல்லை மீறினால் நஷ்டம்

டீசல் மிச்சம் என்றதும் எல்லா வேலைக்கும் உயர்ந்த கியரைப் போட்டு என்ஜினைத் திணற விடுவது பெருந்தவறு. என்ஜின் முக்கிக்கொண்டு ஓடும்போது டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். தண்ணீர்ப் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். எண்ணெய் அழுத்தம் குறைந்த நிலையில் தண்டின் பேரிங்குகள் மீது பெரும் விசை விழும். டர்போ பொருத்திய என்ஜினில் குறைந்த சுற்றில் காற்றுப் போதுமான அளவு வராததால் இந்தத் தொல்லை மேலும் அதிகம். சில லிட்டர் டீசலை மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் நிலை வந்துவிடும்.

சரியான கியர்தானா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கலப்பை முழு ஆழத்தில் ஓடும்போது கை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று சிறிது திறக்க வேண்டும். என்ஜின் உடனே சுறுசுறுப்பாகச் சுற்றேறினால் கியர் சரி. சுற்று ஏறாமல் முனகினாலோ கரும்புகை கக்கினாலோ, அந்தக் கியர் அந்த வேலைக்கு ஆகாது. ஒரு கியர் இறக்க வேண்டும். மீட்டர் வேலை செய்யும் டிராக்டரில், சுமை ஏறும்போது 1500 சுற்று 1350 வரை இறங்கி நின்றால் பாதகமில்லை. அதற்கும் கீழே போய்க்கொண்டே இருந்தால் கியரைக் குறைக்க வேண்டும். வயலில் ஓரிடத்தில் மட்டும் இறுகிய மண் இருந்தால் அதற்காக மாற்றி மாற்றிக் கியர் போட வேண்டியதில்லை. வயலின் கடினமான பகுதிக்கு ஏற்ற கியரை முதலிலேயே போட்டு, சுற்றை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது.

எந்த வேலைக்கு எது?

சட்டிக் கலப்பை, ஐந்து கொத்துக் கலப்பை கொண்டு ஆழ உழுதல், கேஜ் வீல் பூட்டிச் சேறடித்தல் ஆகியவை பாரமான வேலைகள். இவற்றுக்குத் தாழ்ந்த கியரும் போதிய சுற்றும் தேவை. சுற்றைக் குறைக்கும் முறை இங்கே பொருந்தாது.

ஒன்பது கொத்துக் கலப்பை கொண்டு இரண்டாம் உழவு, விதைக்கருவி, பரம்பு, காலி டிரெய்லர் ஆகியவை இலேசான வேலைகள். ஒரு கியர் உயர்த்தி, சுற்றைக் குறைத்து ஓட்டும் முறை இவற்றுக்கே உரியது.

ரோட்டவேட்டர், கதிரடிக்கும் எந்திரம், மணிலாக் காய் பிரிக்கும் எந்திரம் போன்றவை பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓடுபவை. இந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது பொது அளவு. அதற்கு என்ஜின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பது டிராக்டர் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். இங்கே டீசலை மிச்சம் பிடிக்கச் சுற்றைக் குறைத்தால் கத்திகள் மண்ணைப் பொடிக்காது, காய் சரிவரப் பிரியாது. குறைந்த என்ஜின் சுற்றிலேயே 540 தரும் சிக்கன நிலை சில டிராக்டர்களில் உண்டு. அது இருந்தால் இலேசான வேலைக்குப் பயன்படுத்தலாம்.

டயர் வழுக்கலையும் பார்க்க வேண்டும்

மிகத் தாழ்ந்த கியரில் இழுவை அதிகம். ஆனால் டயருக்கு மண்ணில் பிடிப்பு இல்லாவிட்டால் அந்த இழுவை சக்கரத்தைச் சுழலச் செய்யுமே தவிர வண்டியை நகர்த்தாது. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். முதலாவது 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். புழுதி உழவில் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் கலப்பையின் ஆழத்தைக் குறைக்கலாம், அல்லது பின் சக்கரத்துக்குப் பாரம் கூட்டலாம்.

வாடகைக்கு எடுப்பவர் கவனிக்க வேண்டியது

ஒன்பது கொத்துக் கலப்பையின் அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்துக்குக் கால் பங்கு கழித்த பின், மணிக்குச் சுமார் ஒன்றரை ஏக்கர் உழலாம். நான்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் ஆகும். அதே வேலையை 5 கிலோமீட்டர் வேகத்தில் செய்தால் 2 மணி 10 நிமிடத்தில் முடியும். அரை மணி வாடகை மிச்சம். மண் நன்றாகப் பொடிபடும் வரை, கலப்பை ஆழம் குறையாத வரை, இந்த வேகம் விவசாயிக்கு ஆதாயமே. ஓட்டுநரிடம் வேலை தொடங்குமுன் இதைப் பேசிக்கொள்ளலாம்.

மணி மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேபிளால் ஓடும் வகை மீட்டர் கடிகாரம் போல நேரத்தைக் காட்டுவதில்லை. அது என்ஜினின் சுற்றுக்களை எண்ணி மணியாக மாற்றிக் காட்டுகிறது. 1500 சுற்றுக்கு ஒரு மணி என்று அமைத்த மீட்டர், என்ஜின் 2000 சுற்றில் ஓடினால், கடிகாரத்தில் ஒரு மணி ஆகும்போது 1 மணி 20 நிமிடம் காட்டும். ஓட்டுநர் ஏமாற்றுகிறார் என்பது இதன் பொருளன்று. மீட்டரின் அமைப்பே அப்படி. ஆகவே வாடகை மீட்டர் கணக்கா, கடிகாரக் கணக்கா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது. மீட்டர் கணக்கு என்றால், இலேசான உழவில் சுற்றைக் குறைத்து உயர்ந்த கியரில் ஓட்டுவது வாடகைக்கு எடுப்பவருக்கும் இலாபம், டிராக்டர்காரருக்கும் டீசல் மிச்சம்.

சாலையில் எச்சரிக்கை

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிச் செல்லும்போதும், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும்போதும் டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுவோர் உண்டு. இது உயிருக்கு ஆபத்து. கியரை எடுத்ததும் என்ஜின் தடுத்து நிறுத்தும் விசை போய்விடும். பின்னால் வரும் டிரெய்லரின் பாரம் டிராக்டரைத் தள்ளும். பிரேக்கினால் மட்டும் அதைப் பிடிக்க முடியாது. கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் இதே ஆபத்துதான். எந்தக் கியரில் மேட்டை ஏற வேண்டுமோ, அதே கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே கியரை மாற்றிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. இலேசான வேலைக்குக் கியரை உயர்த்தி, சுற்றைக் குறைக்கவும். பாரமான வேலைக்குக் கியரைக் குறைக்கவும்.

2. ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் சுற்றேறாவிட்டாலும் கரும்புகை வந்தாலும் ஒரு கியர் இறக்கவும்.

3. பி.டி.ஓ. வேலையில் மீட்டரில் குறித்த சுற்றுக்குக் குறைக்க வேண்டாம்.

4. டிராக்டருடன் தரப்படும் கையேட்டில் ஒவ்வொரு கியரின் வேகமும், ஓட்டக்கூடிய குறைந்த சுற்றும் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி மட்கார்டில் ஒட்டி வைக்கவும்.

5. இறக்கத்தில் நியூட்ரல் ஒருபோதும் வேண்டாம்.

முதல் நாள் உழவின்போது, ஒரு வயலில் இரண்டு சால் பழைய முறையிலும் இரண்டு சால் உயர்ந்த கியரில் குறைந்த சுற்றிலும் ஓட்டிப் பார்த்து, மண் புரளும் விதத்தையும் என்ஜின் ஒலியையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஐயம் இருப்பின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களையோ, திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி விளக்கம் பெறலாம். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. செலவும் இல்லை. இருக்கும் நெம்புகோலைச் சரியான இடத்தில் போட்டால் போதும்.